வேஷம் ராணுவம், வேலை சாயம்

பெயிண்ட்பால் மார்க்கர் என்கிற சாயத் துப்பாக்கி வாங்கக் கிளம்புகிறவர்களில் ஒரு பிரிவினருக்கு வண்ணமே பிடிக்காது. சாயம் அடிக்கிற விளையாட்டுதான். இருந்தாலும் துப்பாக்கி கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். எம்16 போலவோ எம்பி5 போலவோ பார்வைக்குத் தெரிய வேண்டும். தோளில் ஊன்ற ஒரு கட்டை, குழல் நுனியில் சைலன்சர், மேலும் கீழும் பக்கவாட்டிலும் எதையாவது மாட்டிக்கொள்ள ரெயில், ரெயிலில் இடம் மிச்சமிருந்தால் ஒரு டார்ச். ஆட்டம் என்னவோ பகல் பதினொரு மணிக்கு. இவர்களைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. போகிற போக்கில் அது நடந்துவிட்டால் மன்னிக்கவும். நான் சொல்ல வருவது இதுதான்: இந்தக் கருவியின் தோற்றத்துக்கும் அதன் வயிற்றுக்குள் நடப்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பராமரிப்பது மூன்றையும் வயிற்றைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தோற்றத்துக்குச் செலவழிப்பது பாவமில்லை. அதை முதலில் செய்வதுதான் பாவம்.

வம்சாவளியைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்று ஓர் ஊர். அங்கிருந்த நெல்சன் பெயிண்ட் கம்பெனி, காட்டில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடும் சாயம் விற்றுவந்தது. சில மரங்களைக் கிட்டே போய்த் தொட முடியாது. நடுவில் ஓடை இருக்கும், முள் இருக்கும். எட்ட நின்றே சாயம் அடிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. காற்றுத் துப்பாக்கிக்குப் பேர்போன டெய்சி நிறுவனம் 1970களில் செய்து கொடுத்த நெல்ஸ்பாட் 007 இப்படித்தான் பிறந்தது. பெயரைக் கேட்டால் ஜேம்ஸ் பாண்ட் நினைவுக்கு வருவார். உத்தியோகம் மரத்துக்கும் மாட்டுக்கும் பொட்டு வைப்பது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் காட்டில் 12 பேர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஆபத்து வந்தால் பிழைப்பவன் நகரத்தானா, காட்டுப்பக்கத்தானா என்று எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸுக்கும் பங்குச்சந்தை வியாபாரி ஹேய்ஸ் நோயலுக்கும் நடந்த வாய்ச்சண்டையைத் தீர்த்துவைக்கும் ஏற்பாடு அது. ஆளாளுக்குத் தனியாகப் போய்க் கொடிகளைச் சேகரித்து வர வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், வனத்துறை வேலை பார்த்தவர். சத்தமில்லாமல் மரத்துக்கு மரம் நகர்ந்து கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பெயிண்ட்பால் சரித்திரத்தின் முதல் வெற்றியில் துப்பாக்கியின் பங்கு பூஜ்யம்.

அப்படியானால் இந்தப் பசுவுக்குப் புலித்தோல் எப்போது வந்தது? இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்னில் டிப்மன் குடும்பம் நிஜ இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில், சுடக்கூடியவையாகவே, செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1986இல் அமெரிக்கச் சட்டம் பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கி விற்பதை நிறுத்தியது. குடும்பம் சாயத்துக்கு மாறியது. 1987இல் வந்த அவர்களுடைய எஸ்எம்ஜி-60, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் மார்க்கர். பழைய தொழிலின் முகஜாடை புதிய பிள்ளைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. பிறகு மாடல் 98, ஏ-5 என்று வரிசையாக வந்தன. அமெரிக்க ராணுவத்தின் பெயரைப் பொறித்த மாடல்களும் வந்தன. பெயர் பொறித்ததால் உள்ளே எதுவும் மாறவில்லை. அதே சுத்தியல், அதே ஸ்பிரிங், அதே வால்வு.

உள்ளே போகிற குண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விட்டம் 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். மீன் எண்ணெய் மாத்திரைக்கு இருக்கிற அதே ஜெலட்டின் கூடு; ஆரம்பத்தில் நெல்சனுக்கு இதைச் செய்து தந்ததே மாத்திரைக் கூடு தயாரிக்கும் ஆர்.பி. ஷெரர் கம்பெனிதான். உள்ளே இருப்பது சாயம் கலந்த பாலிஎத்திலீன் கிளைகால். மலமிளக்கி மருந்துகளில் சேர்க்கிற சரக்கு அது. ஆக, நம் கமாண்டோ தோளில் ஏந்தி நிற்பது மாத்திரை எறியும் இயந்திரம். இந்த மாத்திரை குழலைவிட்டுக் கிளம்பும் வேகத்துக்கு உச்சவரம்பு நொடிக்கு 300 அடி. பல மைதானங்களில் 280 அடிதான். எம்16 தோட்டா ஏறக்குறைய அதே எடை, 4 கிராம். வேகம் மட்டும் பத்து மடங்கு. மாத்திரை உருண்டையாக வேறு இருப்பதால் காற்று அதைப் பிடித்து இழுக்கிறது. சுமார் 30 மீட்டர் போவதற்குள் பாதி வேகம் கரைந்துவிடும். 40 மீட்டர் போக முக்கால் நொடி ஆகும்; நேர்கிடையாகச் சுட்டிருந்தால் அதற்குள் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருக்கும். போதாக்குறைக்கு, கூட்டின் இரு பாதிகளை ஒட்டிய மடிப்பு ஒன்று இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொரு குண்டும் தன் மனம் போன பக்கம் கொஞ்சம் விலகும். எதிராளி தும்மினாலே தப்பித்துக்கொள்ள அவகாசம் உண்டு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு துணைக்கருவிகளைப் பார்ப்போம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் என்ன செய்யும்? குண்டு போய்ச் சேராத இடத்தைத் தெளிவாகக் காட்டும். அதற்கும் முகமூடி விட வேண்டுமே. பெயிண்ட்பால் முகமூடி கன்னத்தையும் தாடையையும் சேர்த்து மூடுவதால், சினிமாவில் காட்டுவதுபோல் கட்டையில் கன்னத்தைச் சாய்க்க முடியாது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நேர்கோடு அமையாது. உயரமான தாங்கியில் வைத்த சிவப்புப் புள்ளி பார்வைக் கருவிக்கு ஓரளவு உபயோகம் உண்டு, அதை மறுக்கவில்லை. பேரல் நீளமானால் குறி தப்பாது என்பது அடுத்த ஐதீகம். காற்று விரிந்து தள்ளுகிற வேலை முதல் எட்டுப் பத்து அங்குலத்துக்குள் பெரும்பாலும் முடிந்துபோகிறது. பதினான்குக்கு மேலே போனால் குண்டு உராய்ந்துகொண்டு போவதுதான் மிச்சம். நுனிப் பக்கத்தில் துளைகள் இருந்தால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உள்ளே மரை கிடையாது, வழவழப்பான குழாய்.

பேரலில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய விஷயம் அகலம். ஜெலட்டின் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரே பெட்டிக் குண்டு காலையில் ஓர் அளவு, மழை பெய்து ஓய்ந்த மதியத்தில் இன்னோர் அளவு. பேரலைக் கழற்றி, ஒரு குண்டைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தானாக உருண்டு மறுபக்கம் விழுந்தால் குழல் அகலம். காற்று வீணாகும், வேகம் ஏறி இறங்கும். அசையாமல் சிக்கிக்கொண்டால் குழல் இறுக்கம், உள்ளேயே உடையும். அப்படியே நின்று, வாயால் ஊதினால் வெளியே வருமென்றால் பொருத்தம் சரி. இதற்காகவே வெவ்வேறு உள்விட்டத்தில் செருகு குழாய்களைத் தொகுப்பாக விற்கிறார்கள். தலை முதல் கால் வரை காட்டு நிற உடையில் ஒருவர் நின்றுகொண்டு பேரலைக் கச்சேரிக்கு முன்னால் நாயனத்தைச் சரிபார்க்கிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தால் சிரிக்க வேண்டாம். அந்த மைதானத்தில் விவரம் தெரிந்த ஆள் அவர்தான்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் வரும். ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் என்று ஒரு குண்டு இருக்கிறதே, அது துல்லியமாகப் போகிறதே என்பார்கள். உண்மைதான். முன்பாதி உருண்டை, பின்பாதியில் சாய்ந்த துடுப்புகள். பறக்கும்போது சுழல்வதால் வழி தவறுவது குறைகிறது, இன்னும் கொஞ்ச தூரமும் போகிறது. அதைப் போட்டால் ஸ்கோப்புக்கும் சிறிது அர்த்தம் வந்துவிடுகிறது. ஆனால் சாதாரண குண்டைவிடப் பல மடங்கு விலை. தலைக்கு மேல் கூடைபோல் உட்காரும் ஹாப்பரில் கொட்ட முடியாது, மேகசினில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசை பார்க்க அடுக்க வேண்டும். சில மைதானங்கள் கட்டுப்பாடும் வைத்திருக்கின்றன. அப்போதும் துல்லியம் குண்டின் வடிவத்தால் வந்தது, துப்பாக்கியின் உடுப்பால் வரவில்லை. என் வாதத்துக்கு இது சாட்சியே தவிர எதிரி இல்லை.

மேகசின் கட்சிக்காரர்கள் இன்னொன்று சொல்வார்கள். ஹாப்பரில் 200 குண்டு இருந்தால் மனிதன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுபோல் சுடுகிறான். மேகசினில் இருப்பதோ 20 சொச்சம், ஆகவே யோசித்துச் சுடுகிறான், நகர்ந்து ஆடுகிறான் என்று. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ராணுவத் தோற்றத்தால் விளையாட்டுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான லாபம் இந்தப் பஞ்சம்தான். குண்டு தீர்ந்துபோகும் என்ற பயம் ஒருவனை ரிச்சி ஒயிட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் இதற்கும் ஒரு பராமரிப்புக் கப்பம் உண்டு. முந்தைய நாள் இரவே ஆர்வத்தில் மேகசின்களை நிரப்பி வைத்தால், ஸ்பிரிங் அழுத்தத்தில் ஜெலட்டின் உருண்டைகள் நசுங்கிக் கோழி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். காலையில் முதல் குண்டே குழலுக்குள் உடையும். நிஜச் சிப்பாய் இரவே ஆயத்தமாக இருக்கலாம். மாத்திரைச் சிப்பாய் காலையில்தான் நிரப்ப வேண்டும்.

எதிரி பயப்படுவானே என்பது மூன்றாவது வாதம். முன்பு ஒக்லஹோமாவில் டி-டே என்ற பெயரிலும், பென்சில்வேனியாவின் ஸ்கர்மிஷ் மைதானத்தில் நார்மண்டி படையெடுப்பு என்ற பெயரிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி இரண்டாம் உலகப் போரை மறுபடி நடத்துவார்கள். அங்கே ஊதா நிறத் துப்பாக்கியோடு போய் நின்றால் நாடகம் கெடும். ஆகவே அங்கே உடுப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பயம்? எதிரில் இருப்பவன் செடிக்குப் பின்னால், வியர்வையால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிவது அசைகிற ஒரு நிழல். அது எம்16 சாயலா, ஏகே-47 சாயலா என்று பிரித்தறிந்து அந்தந்த அளவுக்குப் பயப்பட அவனுக்கு நேரமில்லை. பார்த்து மகிழ்கிறவர் வைத்திருப்பவர் ஒருவர்தான். அந்த மகிழ்ச்சிக்குக் காசு கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். அதைத் தற்காப்புச் செலவில் எழுதக் கூடாது.

தற்காப்புச் செலவு என்று எழுத வேண்டியது முகமூடியை. முதல் பணம் அதற்குப் போக வேண்டும். பெயிண்ட்பாலுக்கென்றே வகுத்த ஏஎஸ்டிஎம் எஃப்1776 தரம் கொண்டதாக இருக்க வேண்டும். வெல்டிங் கண்ணாடி, மோட்டார்சைக்கிள் கண்ணாடி, ராணுவக் கிடங்கில் மலிவாகக் கிடைத்த கண்ணாடி எதுவும் ஆகாது. நொடிக்கு 280 அடி வேகத்தில் வருகிற மாத்திரை தோலில் பட்டால் கன்றிப்போகும், கண்ணில் பட்டால் கண் போகும். ஆவி படியாத இரட்டை லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மைதானத்தில் முகமூடியைத் தூக்கத் தூண்டுவது எதிரி இல்லை, ஆவி. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கறுப்புத் துப்பாக்கி வாங்கியவர் வாடகை முகமூடியோடு நிற்பதைப் பார்க்கும்போது, ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த பணம் காற்றுக்கு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மலிவு. ஆனால் உள்ளே இருப்பது திரவம். வெயில் ஏறினால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். வேகமாகச் சுட்டால் சிலிண்டரே குளிர்ந்து வேகம் படுத்துவிடும். குழலைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் திரவமே வால்வுக்குள் வந்து ரப்பர் வளையங்களை உறைய வைத்துவிடும். அப்போது நுனியிலிருந்து வெண்புகை கிளம்பும். பார்க்க அட்டகாசமாக இருக்கும், துப்பாக்கிக்கு அது வாந்தி. அழுத்தக் காற்றுச் சிலிண்டர் விலை கூடுதல். 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ வரை நிரப்பலாம், அதன் தலையில் இருக்கும் ரெகுலேட்டர் ஒரே சீரான அழுத்தத்தை வெளியே அனுப்பும். குறி பார்க்கும் கருவிகளுக்கு வைத்திருந்த பணத்தை இதில் போட்டால் குறி தானாகச் சீராகும். தோள்கட்டை இருந்தால் சிலிண்டரை எங்கே வைப்பது என்ற சிக்கலும் உண்டு. கட்டைக்குள் போகிற குட்டிச் சிலிண்டர் சீக்கிரம் தீரும். இடுப்பில் கட்டிக் குழாய் போட்டு இழுத்தால் நடமாட்டத்தில் மாட்டும். எதை எடுத்தாலும் சிலிண்டரில் சோதனைத் தேதி முத்திரையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான சிலிண்டர்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்யாவிட்டால் நிரப்பித் தர மாட்டார்கள். எல்லாம் பொருத்திய பிறகு கிரோனோகிராஃபுக்கு முன்னால் நின்று வேகத்தை அளந்து, ஆலன் கீயால் திருகைச் சரிசெய்ய வேண்டும். காலையில் ஒருமுறை செய்தால் போதாது. வெயில் ஏறியதும் மறுபடி செய்ய வேண்டும்.

பராமரிப்பில் ராஜா ஓ-ரிங். விரல் நகத்தளவு ரப்பர் வளையம், விலை சில்லறை. அது காய்ந்தால் அத்தனை ஆர்ப்பாட்டமும் உஸ்ஸென்று சீறிக்கொண்டு மண்ணாகிவிடும். சீறும் இடத்தைக் காது வைத்துக் கேட்டால் நோய் பிடிபடும்: சிலிண்டர் மாட்டும் இடத்தில் சீறினால் சிலிண்டர் வளையம் கிழிந்திருக்கிறது; பேரல் வழியாகச் சீறினால் வால்வின் அடைப்பு தேய்ந்திருக்கிறது. மருந்து, காற்று நுழையும் இடத்தில் அதற்குரிய எண்ணெய் சில சொட்டு விட்டு, குண்டில்லாமல் சில தடவை சுடுவது. வீட்டில் கதவுக்கு அடிக்கிற ஸ்பிரே எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் கெட்டுப்போகும். அழுத்தக் காற்றுச் சிலிண்டரின் நிரப்பு முனையில் எந்த எண்ணெயும் படக் கூடாது; அத்தனை அழுத்தத்தில் எண்ணெயும் காற்றும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் கழற்றும்போது வால்வு துப்பாக்கியோடு தங்கி, சிலிண்டர் மட்டும் கழன்று ராக்கெட்டாய்ப் பறந்து உயிர்போன சம்பவங்கள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. இதற்கு ஒரு சிக்கனமான வைத்தியம் இருக்கிறது. வால்வும் சிலிண்டரும் சேரும் இடத்தின் குறுக்கே நகப்பூச்சில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். கழற்றும்போது கோடு இரண்டாக விலகினால் வால்வு கழல்கிறது என்று பொருள்; உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கறுப்புத் துப்பாக்கியில் பளிச்சென்று ரோஸ் நிறக் கோடு இருந்தால் கம்பீரம் குறையும்தான். சிலிண்டர் மாட்டியபடி இருக்கும்.

மற்றவை பொறுமை சம்பந்தப்பட்டவை. ஆட்டம் முடிந்ததும் காற்றை வெளியேற்றி, சுத்தியலை இழுத்த நிலையில் விடாமல் ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுத்து, பேரலுக்குள் துணி இழுத்து, உடைந்த சாயத்தைத் துடைக்க வேண்டும். பிரிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏதோ ஒரு குட்டி ஸ்பிரிங் எப்படியும் துள்ளும். கீழே விழுந்த குண்டை எடுத்து மறுபடி போடுகிற சிக்கனம் வேண்டாம். ஈரம் குடித்து, மண் ஒட்டி, குழலுக்குள்ளேயே வெடிக்கும். மிச்சக் குண்டுகளை நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். இனிப்பாக இருப்பதால் தின்றுவிடும், தின்றால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். மாட்டுக்குப் பொட்டு வைக்கப் பிறந்த கருவியால் கடைசியில் நாய்க்கு ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகு, இந்த வேஷம் யாரையுமே ஏமாற்றாதா என்று கேட்டால், ஏமாற்றும். மைதானத்துக்குள் இருக்கிற எல்லாருக்கும் அது சாயத் துப்பாக்கி என்று தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி பொம்மைத் துப்பாக்கி நுனியில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். பெயிண்ட்பால் மார்க்கருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆகவே முழுக் கறுப்பில் இருக்கிற ஒன்றைக் கார் நிறுத்துமிடத்தில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், எதிரே வருகிற போலீஸ்காரருக்கு ஹாப்பர் இருக்கிறதா, குழல் வழவழப்பா என்று ஆராய நேரம் இருக்காது. மைதானத்தில் ஒரு பயலும் பயப்படாத துப்பாக்கிக்கு அங்கேதான் முதல் முறையாக உரிய மரியாதை கிடைக்கும். அதனால் மைதானத்தை விட்டு வெளியேறும் முன்பே சிலிண்டரைக் கழற்றி, மேகசினை உருவி, நுனிக்கு உறை போட்டு, பைக்குள் வைத்துக் கட்டிவிட வேண்டும். துப்பாக்கி வடிவத்திலேயே தைத்த ராணுவப் பச்சைப் பையும் துணைக்கருவிப் பட்டியலில் இருக்கிறது. அதை வாங்க வேண்டாம். டென்னிஸ் மட்டைப் பை போதும். கிடார் பெட்டியும் வேண்டாம், சினிமா பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.